பல் பட்ட ரொட்டி

கிஸில்தாம் நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பக்கம் மணலையும் மறுபக்கம் பனிமலையையும் பார்த்துக்கொண்டே பகல் முழுக்கப் பேருந்தில் குலுங்க வேண்டும், குலுங்கிக் குலுங்கி இடுப்பு கழன்றுபோகிற நேரத்தில் திடீரென்று பாப்லர் மரங்களும் வாய்க்கால் தண்ணீரும் திராட்சைப் பந்தல்களும் வந்து நிற்கும், அவற்றுக்குப் பின்னால் மண்சுவர்களாலான பழைய நகரம் தெரியும், அதன் வாசலில் இப்போது இரும்புத் தடுப்பும் நுழைவுச்சீட்டு அறையும் இருக்கின்றன. ஒருகாலத்தில் பட்டும் தேயிலையும் ஏற்றிவந்த ஒட்டகங்கள் இங்கேதான் முழங்கால் மடக்கி இளைப்பாறின என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அது உண்மைதான். அந்த ஒட்டகங்களோடு போன மனிதர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், அதைக் கேட்கிற பயணியும் கிடையாது, பாவம், வந்தவர்களுக்குப் படம் எடுத்துக்கொள்ளவே நேரம் போதவில்லை.

போகிறவன் திரும்பி வர வேண்டுமே என்ற பயத்தில் அந்த ஊர்க்காரர்கள் என்றைக்கோ கண்டுபிடித்த வழக்கம் ஒன்று உண்டு. யார் வெளியூர் புறப்பட்டாலும் அன்று காலை தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டியை அவர் வாயருகே நீட்டுவார்கள், அவர் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும், வீட்டார் அதைத் துணியில் சுற்றி உள்சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவார்கள். பாதியில் விட்ட சாப்பாடு எந்த ஊரில் இருந்தாலும் ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. திரும்பி வந்தவன் அந்தக் காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கடைசித் துணுக்குவரை தின்று முடித்த பிறகுதான் வீட்டில் அடுத்த பேச்சே.

பருத்திச் சந்தில் இருந்த ஹெல்செமின் புருஷன் செமெத்துக்கு அந்த ஒரு கடி வாய்க்கவில்லை. கடைவீதியில் மாதுளைச் சாறு பிழிந்து விற்றுக்கொண்டிருந்தவன் அவன், வாய்விட்டுச் சிரிக்கிறவன், யாருக்கும் ஒரு கெடுதல் செய்தவனில்லை. ஒரு காலையில் சிலர் வந்தார்கள், அவர்கள் சத்தம் போடவில்லை, கையை நீட்டவில்லை, "சின்னதா ஒரு விசாரணை, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அனுப்பிடுவோம்" என்றார்கள், அப்படிச் சொன்னவனின் குரல் எவ்வளவு மரியாதையாக இருந்ததென்றால் ஹெல்செம் அவனுக்கும் சேர்த்துத் தேநீர் வைக்கப் போனாள். ரொட்டி அப்போது அடுப்பின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்தது. அவள் விரல் பொசுங்க அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு சந்துமுனைக்கு ஓடியபோது வண்டி போய்விட்டது. அந்த வருடம் அந்தச் சந்தில் பல வீடுகளில் இப்படித்தான் ஆட்கள் போனார்கள், சிலருக்குக் கடிக்க நேரம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஊரில் இல்லாத மாமியார் ஆய்னிசா சாயங்காலம் வந்து சேர்ந்தாள். ஏன் போனான், யார் கூட்டிப்போனார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடிச்சானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஹெல்செம் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள், அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. "கடிச்சாரும்மா," என்றாள். ரொட்டியை எடுத்துக் காட்டினாள். அதில் பல் பட்ட இடம் இருந்தது. சற்று முன்னால், மாமியார் சந்துக்குள் நுழைவது தெரிந்ததும், வாசல் நடையில் நின்று அந்த ஒரு கடியை ஹெல்செமே கடித்திருந்தாள். கிழவியின் கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்திருந்ததால் கடித்தது பெரிய வாயா சின்ன வாயா என்று அவளுக்குத் தெரியவில்லை, ரொட்டியை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு தன் கையாலேயே ஆணியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ரொட்டிகள் சும்மாதான் தொங்கின. சந்தில் வீடுகளை இடித்தார்கள், கட்டினார்கள், எல்லாக் கதவுக்கும் ஒரே நீலச்சாயம் பூசினார்கள், பழைய நகரத்தைச் சுற்றிப்பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹெல்செம் வீட்டுத் திராட்சைப் பந்தல் பார்க்க லட்சணமாக இருந்ததால் சுற்றுலா நிர்வாகம் அதை மாதிரி வீடு என்று அறிவித்தது. அவள் பண்டிகைக்கு உடுத்துகிற பூப்போட்ட பட்டை தினமும் உடுத்திக்கொண்டு வாசலில் நின்று சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால் கேள்வி வரும். சிவப்புக் கொடி பிடித்துக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துவருகிற வழிகாட்டிப் பெண் ஒருநாள் சுவரில் தொங்கும் ரொட்டியைப் பார்த்து அது என்னவென்று கேட்டாள், ஹெல்செமும் வெகுளியாகச் சொல்லித் தொலைத்தாள். அடுத்த வாரமே எதிர்ச்சுவரில் வரிசையாக ஆணிகள் அடிக்கப்பட்டன. பயணிகள் ஒவ்வொருவரும் ஒரு ரொட்டியைக் கடிக்க வேண்டும், கடிக்கும்போது படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ரொட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். "இதைக் கடிச்சா கிஸில்தாம் உங்களைத் திரும்பக் கூப்பிடும்!" என்று கொடிக்காரப் பெண் ஒலிபெருக்கியில் கத்துவாள், எல்லாரும் சிரித்துக்கொண்டே கடிப்பார்கள்.

வாதுமை பூத்த பருவத்தில் அவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் கடற்கரை நகரமொன்றில் குளியல்தொட்டி விற்கிறவர். போன மாதம் வந்து கடித்துவிட்டுப் போனவர், கழுத்தில் சாப்பாட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சாப்பாட்டுக் குச்சிகளோடு ஹெல்செமின் நடையில் நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததாகவும் மனைவி சூப்பைக் கொண்டுவரச் சற்று நேரமாகிவிட்டதாகவும் சொன்னார். சுவரில் அவருடைய ரொட்டி அப்போதுதான் சுட்டதுபோல ஆவி பறந்துகொண்டிருந்தது. ஹெல்செம் அதை எடுத்துக் கொடுத்துத் தேநீர் ஊற்றினாள், அவர் முழுவதையும் தின்றார், வாயைத் துடைத்துக்கொண்டு நடையைத் தாண்டினார், தாண்டிய கால் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் போய் ஊன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் சந்தில் அவர் இல்லை. அவருக்குப் பின்னால் பல் வைத்தியர் வந்தார், புதுக்கல்யாணப் பெண் வந்தாள், விமானத்தில் சாப்பாட்டு வண்டிக்காகக் காத்திருந்த ஒருத்தி இருக்கை வார் பதிந்த தடத்தோடு வந்தாள். கோவில்பட்டிக்காரரான சீனிராஜ் கையில் தூக்குவாளியோடு வந்து நின்று, "ஏ தாயி, இப்பத்தான கடக்காரன் இட்லிய எலயில வச்சுக் கட்டிக்கிட்டிருந்தான், சாம்பார ஊத்துங்கறதுக்குள்ள இங்க கொண்டாந்து விட்டுட்டீகளே!" என்று யாருக்கும் புரியாத பாஷையில் சண்டை பிடித்தார். புரியாவிட்டால் என்ன, பசிக்கிறது என்பது எந்த பாஷையிலும் முகத்தில் தெரியும், ஆய்னிசா அவரை உட்காரவைத்து, ரொட்டியில் பாலாடையைத் தடவிக் கொடுத்தாள். தின்று முடித்ததும் அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சந்துக்காரர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணடிக்கவில்லை. வருகிறவர்கள் செருப்பில்லாமல் வருகிறார்கள் என்று நடையில் பழைய செருப்புகளைப் போட்டு வைத்தார்கள், குளியலறையிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு போர்வை மடித்து வைத்தார்கள், சாப்பாட்டு வேளைகளில் அடுப்பில் எப்போதும் தேநீர் கொதித்தது. இரண்டே வாரத்தில் கணக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது: கடித்தவனுக்குப் பசித்தால் ரொட்டி சுடுகிறது, பசி முற்றினால் ஆளை இழுக்கிறது. நிர்வாகத்துக்கு வாயெல்லாம் பல், ஆணிகளைப் பெருக்கி, நுழைவுச்சீட்டின் விலையை ஏற்றினார்கள்.

ஆனால் சூடேறியது பயணிகளின் ரொட்டி மட்டுமா? ஒவ்வொரு வீட்டிலும் கூட்டிப்போகப்பட்டவர்களின் ரொட்டியும் சூடேறியது. அடுத்த வீட்டு ராஹிலாவின் இரண்டு மகன்களும் போகும்போது கடித்துவிட்டுப் போனவர்கள், அந்த இரண்டு ரொட்டிகளும் ஒருநாள்கூட ஆறவில்லை. விடியும்போது சுட்டன, வெயில் ஏறும்போது சுட்டன, மற்ற வீடுகளில் விளக்கணைத்த பிறகும் சுட்டன, சின்னவனுடைய ரொட்டி விளிம்பில் கருகி, சுற்றியிருந்த துணியையும் பொசுக்கியது. சூப்பு வரச் சற்றுத் தாமதமானதற்கு ஒருவன் ஆயிரம் காதம் கடந்து வந்து நிற்கிறான், வருடக்கணக்காகப் பசித்துக் கிடக்கிற இரண்டு பேரை அதே ரொட்டியால் இழுத்துவர முடியவில்லை. ராஹிலா அந்த ரொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஊதி ஊதி ஆற்றுவாள், ஆற்றினால் பிள்ளைகளின் பசி அடங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தாயின் வயிறு எதைத்தான் செய்யாமல் விடும்? சந்துக்கோடியில் ஒரு வீட்டில் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருந்த ரொட்டி ஒரு செவ்வாய்க்கிழமை குளிர்ந்துபோனது, பிறகு சுடவே இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் முற்றத்தைக் கழுவிவிட்டார்கள். யாரும் போய் எதுவும் விசாரிக்கவில்லை, விசாரிக்கிற மாதிரியான காலமாகவும் அது இல்லை.

இந்தச் சந்திலேயே முறையாக நடந்துகொண்ட ரொட்டி ஒன்றே ஒன்றுதான். ஹெல்செம் வீட்டு ஆணியில் தொங்கிய ரொட்டி காலையில் லேசாகச் சுடும், கொஞ்ச நேரத்தில் ஆறும், மத்தியானம் சுடும், ஆறும், சாயங்காலம் சுடும், ஆறும். ஆய்னிசா மணிக்கொரு தரம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொன்னாள், "எம்புள்ளைக்கு மூணு வேளையும் சரியாச் சோறு போடறாங்க. பசிக்குதுன்னு தெரியுது, உடனே குடுத்துடறாங்க. எங்க இருந்தாலும் நல்ல மனுசங்க கையிலதான் இருக்கான்." சந்துப் பெண்கள் வந்து அந்த ரொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காவது அப்படி இருக்கிறதே, தங்கள் பிள்ளைகளையும் ஒருநாள் அந்த இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று ராஹிலாகூட அதை வைத்துத்தான் தெம்பாக இருந்தாள்.

ரொட்டி யாருடைய வயிற்றைச் சொல்கிறது என்று ஹெல்செமுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சந்தைக்குப் போனவள் பசி எடுத்ததும் பாதி வாங்கிய வெங்காயத்தோடு வீட்டு நடையில் வந்து நின்றாள். சொல்லிவிடலாம் என்று மாமியாரிடம் போனாள். கிழவி ரொட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "பாரு, சாப்பிட்டுட்டான், ஆறிடுச்சு," என்று பொக்கை வாயால் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அடித்து நொறுக்குகிற கல்நெஞ்சு ஹெல்செமுக்கு இல்லை. சொல்லவில்லை.

சொல்லாததற்கு அவள் தின்றே தீர வேண்டியதாயிற்று. ஒரு வேளை தாமதித்தால் ரொட்டி கொதிக்கும், கிழவி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். பசியே இல்லாமல் தின்றுகொண்டே இருந்தால் ரொட்டி குளிர்ந்து கிடக்கும், சந்துக்கோடி வீட்டை நினைத்துக் கிழவிக்கு உயிரே போய்விடும். ஆகவே கொஞ்சம் பசித்து, உடனே தின்று, மறுபடி கொஞ்சம் பசித்து, இழவு வீட்டுக்குப் போனால்கூட மடியில் உலர்பழத்தைக் கட்டிக்கொண்டு போனாள். புருஷனை நினைத்தால் தொண்டையில் இறங்காத சோற்றைத் தண்ணீர் ஊற்றி இறக்கினாள். உடம்பு வைத்தது. பட்டு உடுப்பைத் தையல் பிரித்துத் தைக்க வேண்டிவந்தது. யாருடைய அழுகையை நிறுத்துவதற்காகத் தின்றாளோ அந்த மாமியாரே, "எம்புள்ள எங்கயோ தனியாக் கெடக்கான், இவளுக்கு மட்டும் வேளா வேளைக்கு வயிறு கேக்குது. புருஷன் போன பொம்பளை புளிச்ச மாவு மாதிரி உப்பிக்கிட்டு நிக்கிறா," என்று ராஹிலாவிடம் சொல்லிக்காட்டினாள். ஹெல்செமுக்கு அழுகை அழுகையாக வந்தது, அழுதால் பசிக்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

இலையுதிர் காலத்தில் சந்துக்குப் பொறுப்பான பெண்மணி வந்து, கூட்டிப்போனவர்களைக் குடும்பத்துக்கு ஒருவர் போய்ப் பார்க்கலாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள், அரை மணி நேரம், ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆய்னிசாவால் நடையைத் தாண்டி நடக்க முடியாது. ஆகவே ஹெல்செம்தான் போக வேண்டும். இரண்டு நாள் பேருந்தில் போக வேண்டிய இடம் அது, போகிற வழியில் எங்கே பசி முற்றினாலும் ரொட்டி அவளைக் கொண்டுவந்து வீட்டு நடையில் போட்டுவிடும். ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுப் போகலாமென்றால் கிழவி அதை ஆணியிலிருந்து எடுத்துத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டாள், "நீ அவனப் பார்க்கறப்ப இது என்ன பண்ணுதுன்னு நான் பார்க்கணும்."

"அம்மா, அந்த ரொட்டி..." என்று ஹெல்செம் ஆரம்பித்தாள்.

"ரொட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பத்திரமா வெச்சுக்குங்க."

அவித்த முட்டை, வால்நட், உலர்ந்த முசுக்கட்டைப் பழம், வறுத்த மாவு, ஆட்டுக்கொழுப்பு வைத்த அப்பம் என்று ஒரு பை நிறைய அவள் கட்டிக்கொண்டதைப் பார்த்துக் கிழவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புருஷனப் பார்க்கப் போறியா, கல்யாண விருந்துக்குப் போறியாடி?" என்றாள். ஹெல்செம் ஒரு முட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள்.

வழியெல்லாம் தின்றாள். மணல் வந்தபோதும் தின்றாள், மலை வந்தபோதும் தின்றாள், கண் சொருகும் போதெல்லாம் தொடையைக் கிள்ளி விழித்துக்கொண்டு ஒரு வால்நட்டை மென்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டான். அந்தக் கட்டடத்தின் வெளி முற்றத்தில் வரிசையில் நின்றபோதும் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, வாசலில் நின்ற காவலாளி தன்னோடு இருந்தவனிடம், "இதுக்கு வாயா, அரவை மிஷினா?" என்று சொல்லிச் சிரித்தான். உள்ளே போகும்போது பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே தின்பண்டம் கூடாதாம். சட்டைப்பையில் இருந்த முசுக்கட்டைப் பழத்தையும் கொட்டச் சொன்னார்கள்.

"ஐயா, ஒரு கைப்பிடி மட்டும் விட்டுடுங்க. எனக்குப் பசி தாங்காது."

"அரை மணி நேரம் தின்னாம இருந்தா செத்துடுவியா?" என்றான் அவன்.

ஆனால் காக்கவைத்தது அரை மணி நேரமா? காலையில் உட்காரச் சொன்ன இடத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வேறு அறை, வேறு பலகை. வயிறு முதலில் முணுமுணுத்தது, பிறகு கிள்ளியது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள், தலைமுக்காட்டின் நுனியை மென்றாள், தண்ணீர் கேட்டாள், குழாயில் வரவில்லை என்றார்கள். செமெத்தை முதலில் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள், அதெல்லாம் போய், பசிக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம் பசிக்கக் கூடாது என்ற ஒரே வேண்டுதல்தான் மிஞ்சியது. கடைசியில் பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பக்கக் கதவு திறந்தது, தலை மழித்த ஒருவன் குனிந்துகொண்டே உள்ளே வந்தான், தோள்பட்டை எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது, அவன்தானா என்று பார்க்க ஹெல்செம் முன்னால் சாய்ந்தாள், அவன் முகத்தை நிமிர்த்தினான், அவன்தான். அவனுடைய ஒட்டிய கன்னத்தைக் கண்டதும் அவள் அடிவயிறு அப்படியே குழிந்து உள்ளே போயிற்று.

வீட்டில் ரொட்டி கொதித்தது. ஆய்னிசாவின் மடியில் நெருப்புத் துண்டுபோல அது தகித்தது, அவள் கையைச் சுட்டுக்கொண்டு, "வர்றான்! எம்புள்ள வர்றான்! பசியோட வர்றான்!" என்று கூவினாள். அந்த ஊரில் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஒற்றைக் கதவைத்தான் திறந்து வைப்பார்கள், ஆண்பிள்ளை இருந்தால்தான் இரண்டு கதவும். கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்த இரண்டாவது கதவின் தாழ்ப்பாளை அடித்துத் திறந்தாள். ராஹிலா ஓடிவந்தாள், சந்தே ஓடிவந்தது, தேநீர் கொதித்தது, செமெத்தின் சட்டையை எடுத்து ஒருத்தி உதறினாள், கொடிக்காரப் பெண் தன் கூட்டத்தை அவசர அவசரமாக முற்றத்தில் நிறுத்தி, இதோ ஒருவர் திரும்பி வரப்போகிறார், கைபேசிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

திறந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஹெல்செம் வந்து நின்றாள்.

பயணிகள் கைதட்டினார்கள். அவர்கள் என்ன கண்டார்கள், ஒரு பருத்த பெண் பட்டு உடுப்பில் அழகாகத் தோன்றினாள், படம் நன்றாக வந்திருக்கும். சந்துக்காரர்களில் ஒருவரும் அசையவில்லை. ராஹிலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆய்னிசாவுக்கு வந்தது யாரென்று மூச்சை வைத்தே தெரிந்துவிட்டது, அவள் ரொட்டியின் கடித்த இடத்தில் கட்டைவிரலை ஓட்டினாள், பிறகு அதே விரலை நீட்டி மருமகளின் வாயைத் திறந்து முன்பற்களைத் தடவிப் பார்த்தாள். எடுத்த கையாலேயே ஓங்கி அறைந்தாள்.

"அவன் கடிக்கவே இல்லயா?"

"இல்லம்மா."

"இத்தன நாளும் தின்னது நீயா?"

"நான்தாம்மா."

கிழவி இன்னொரு முறை கையை ஓங்கினாள், ஓங்கிய கை பாதியில் நின்றது. "அங்க... வந்தானா?"

"கதவைத் திறந்து வந்தாரும்மா. பார்த்தேன். முகத்தைத் தூக்கினாரு, அதுக்குள்ள..."

"எப்படி இருக்கான்?"

ஹெல்செமுக்குப் பொய் சொல்ல அப்போதும் வாய் வந்தது, கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. "எலும்பும் தோலுமா இருக்காரு."

ஆய்னிசா தன் மடியிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள், அந்த வீட்டில் மகன் திரும்பி வருவான் என்று சொல்வதற்கு வேறு ஒன்றுமே இல்லை, அவள் அதை இரண்டாகப் பிய்த்தாள். "அப்ப தின்னுடி!" என்று கத்தினாள். "தின்னு, பாவி, இன்னும் நேரம் இருக்கு, தின்னுட்டு ஓடு!"

அத்தனை வருடமாகியும் ரொட்டி உள்ளே பஞ்சுபோல இருந்தது. ஹெல்செம் அதை மெல்லவில்லை, விழுங்கினாள், அண்ணம் வெந்தது, தொண்டை அடைத்தது, ராஹிலா முதுகில் குத்தித் தேநீரை வாயில் ஊற்றினாள், கிழவி பிய்த்துப் பிய்த்துத் திணித்துக்கொண்டே, "சீக்கிரம், சீக்கிரம்," என்றாள், பெண்கள் எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள், இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று பயணிகளும் தங்கள் பாஷையில் சேர்ந்து கத்தினார்கள். ரொட்டியிலிருந்து கீழே விழுந்த எள்ளைக்கூடக் கிழவி தரையில் தடவிப் பொறுக்கி மருமகளின் நாக்கில் வைத்தாள். ஆணி வெறுமையாக நின்றது. ஹெல்செம் கடைசி வாயை விழுங்கிவிட்டு நடையைத் தாண்டினாள்.

கண்ணாடிக்கு முன்னால் போட்டிருந்த அதே நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. வாசலில் பார்த்த அதே காவலாளி உள்ளே வந்து அவளையும் அவள் முக்காட்டில் சிதறியிருந்த ரொட்டித் துணுக்குகளையும் பார்த்தான்.

"இப்ப வர்றியா? உன் நேரம் முடிஞ்சுபோச்சு."

"அவர் வந்தாரே, நான் பார்த்தேனே!"

"வந்தான். நாற்காலி காலியா கெடந்துச்சு. நேரம் முடியற வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தான். அவ எங்க போனான்னு கேட்டான். பையைப் பிடுங்கிட்டோம், பசி தாங்காம திங்க ஓடிட்டா போலன்னு சொன்னேன். பொய்யா? வாயெல்லாம் எள்ளு ஒட்டியிருக்கு."

ஹெல்செம் வாயைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

காவலாளி யோசித்தான். "சாப்பிடட்டும்னு சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல," என்றான். பிறகு வெளியே எட்டிப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.